‘பயனற்றது’ எனும் தீர்ப்பு: அறிவியலில் ஓர் அறவினா

ஒன்றன் பயன் இன்னும் அறியப்படவில்லை என்பது ஒரு கூற்று. அதற்குப் பயனே இல்லை என்பது பிறிதொரு கூற்று. முன்னது அறிபவனைப் பற்றியது. பின்னது அறியப்படும் பொருளைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மேலோட்டமாக நோக்குமிடத்து மிகச் சிறிதெனத் தோன்றலாம். ஆயின், அறிவு வரலாற்றில் நிகழ்ந்த பிழைகளுட் பல இச்சிறு வேறுபாட்டை மறந்தமையால் விளைந்தவையே. தன் அறியாமையைப் பொருளின்மீது ஏற்றிக் கூறுதல் மனித மனத்தின் பழைய இயல்பு. அதற்கு எதிரான இயல்பும் அம்மனத்துக்கு உண்டு: காணும் யாவற்றுக்கும் ஏதோவொரு பயன் இருந்தே தீரவேண்டுமெனக் கருதி, இல்லாத பயனை இட்டு நிரப்புதல். இவ்விரு இயல்புகளுக்கும் நடுவே நேர்மையாக நிற்பது எங்ஙனம் என்ற வினா அளவையியலுக்கு மட்டும் உரியதன்று. அது அறவியலுக்கும் உரியது. இவ்வினாவை ஆராய்தற்கு, முலையூட்டிகளின் பரம்பரைப் பொருளைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துவரும் விவாதம் தக்கதோர் உரைகல்லாக அமைகின்றது.

மனிதக் கலமொன்றின் கருவினுள் உள்ள டீ.என்.ஏ. நீண்டதொரு எழுத்துத் தொடராகக் கொள்ளப்படுகின்றது. ஜீனோம் என வழங்கும் அம்முழுத் தொடரின் ஒரு பிரதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள. இவற்றுட் புரதங்களை ஆக்குதற்குரிய செய்தியைத் தாங்குவன நூற்றுக்கு இரண்டு வீதத்திலும் குறைவானவையே. புரதத்தை ஆக்கும் பரம்பரையலகுகளின் தொகை சுமார் 20,000. எஞ்சிய பெரும்பரப்பு எதற்காக? இவ்வினாவுக்கு 1972 இல் சுசுமு ஓனோ என்னும் உயிரியலறிஞர் அளித்த விடையில் இடம்பெற்ற ஒரு சொல் உலகெங்கும் பரவிற்று. அச்சொல் தமிழிற் ‘குப்பை’ எனப் பெயர்க்கப்படுகின்றது. எனினும், அப்பெயர்ப்பு முற்றும் பொருந்துவதன்று. ஓனோ பயன்படுத்திய ஆங்கிலச் சொல், வீசியெறியப்படும் கழிவைக் குறிப்பதிலும், வீட்டுப் பரண்மேற் போட்டு வைக்கப்படும் பழம்பொருளையே பெரிதும் குறிக்கும். கழிவை எவரும் சேர்த்து வைப்பதில்லை. பரண்மேலுள்ள பழம்பொருளோ இன்று பயனின்றிக் கிடப்பினும் என்றோ ஒருநாள் வேறொன்றாகப் பயன்படக்கூடும்.

ஓனோ வெறும் அறியாமையிலிருந்து அம்முடிவுக்கு வந்தாரல்லர் என்பதும் மனங்கொளத்தக்கது. ஒவ்வொரு தலைமுறையிலும் டீ.என்.ஏ. எழுத்துக்களில் விகாரங்கள் நிகழ்கின்றன. அத்தொடர் முழுவதும் இன்றியமையாததாயின், அவ்விகாரங்களுட் பெரும்பாலானவை தீங்கு விளைத்து, அச்சுமையைத் தாங்கமாட்டாது இனமே அழிந்திருக்கும். இனம் அழியவில்லை, ஆகவே தொடரின் பெரும்பகுதி விகாரமடைந்தும் கேடு நேராத பகுதியாக இருத்தல் வேண்டும். இது காரணங் காட்டி நிறுவப்பட்ட வாதம். ஆனால், வாதம் நிறுவியது தொகையைப் பற்றிய ஓர் உண்மையை மட்டுமே. ‘பெரும்பகுதி இன்றியமையாததன்று’ என்பதிலிருந்து ‘இந்தக் குறித்த பகுதி இன்றியமையாததன்று’ என்பது பெறப்படாது. ஊரிற் பெரும்பாலோர் மருத்துவரல்லர் என்பதை அறிந்தவன், எதிரே வருபவர் மருத்துவரல்லர் எனத் துணிதல் தகாது. பிற்காலத்தார் பலர் ஓனோவின் வாதத்தை விடுத்து அவரது சொல்லை மட்டும் ஏற்றுக்கொண்டமையே இடர்ப்பாட்டுக்குக் காரணமாயிற்று.

எதிர்ப்பக்கத்துப் பிழை 2012 இல் வெளிப்பட்டது. மனித ஜீனோமின் தொழிற்பாட்டுப் பகுதிகளைத் தொகுக்கும் நோக்குடன் 2003 இல் தொடங்கப்பட்ட என்கோட் என்னும் பெருந்திட்டத்தினர், ஜீனோமின் 80.4 வீதத்துக்கு உயிரிரசாயனத் தொழிற்பாடு உண்டென அறிவித்தனர். குப்பை என்ற கொள்கை மடிந்துவிட்டது என்ற பொருள்படச் செய்தித்தாள்கள் எழுதின. அடுத்த ஆண்டிலேயே டான் கிரௌர், போர்ட் டூலிட்டில் முதலிய அறிஞர் இதனைக் கடுமையாக மறுத்தனர். மறுப்பின் மையம் பரிசோதனையைப் பற்றியதன்று. ‘தொழிற்பாடு’ என்ற சொல்லின் பொருளைப் பற்றியது. டீ.என்.ஏ.யின் ஓரிடத்திற் புரதமொன்று வந்து ஒட்டினாலோ, அவ்விடம் ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்பட்டாலோ, அங்கே ஏதோ நிகழ்கின்றது என்பது உறுதி. ஆனால் நிகழ்வது யாவும் தொழிற்பாடாகுமா?

இவ்வினா மெய்யியலாருக்குப் புதியதன்று. இதயம் குருதியைச் செலுத்துகின்றது, துடிப்போசையையும் எழுப்புகின்றது. இரண்டும் இதயத்தின் விளைவுகளே. ஆயினும், குருதியைச் செலுத்துதலே அதன் தொழில். ஓசை எழுப்புதல் அதன் தொழிலன்று. ஏன்? 1973 இல் லரி றைற் என்னும் மெய்யியலாளர் இதற்கு வரலாற்று விளக்கம் தந்தார். எந்த விளைவின் காரணமாக ஓர் உறுப்பு இன்று அவ்விடத்தில் இருக்கின்றதோ, அவ்விளைவே அதன் தொழில் என்பது அவ்விளக்கத்தின் சாரம். உயிரியலில் இதனைப் பொருத்துமிடத்து, இயற்கைத் தேர்வினாற் பேணப்பட்ட விளைவே தொழிற்பாடாகும். 1975 இல் றொபேட் கமின்ஸ் வேறொரு வழியைக் காட்டினார். ஒரு முழுமைத் தொகுதியின் ஆற்றலுக்கு அதன் உறுப்பொன்று இன்று எவ்வகையில் உதவுகின்றது என்பதே அவருக்கு முதன்மையானது. அவ்வுறுப்பின் வரலாறு அன்று. இரு விளக்கங்களும் தத்தமக்குரிய துறையிற் பயனுடையன. பிழை நேர்வது, ஒருவர் ஒரு பொருளிற் கூறியதை மற்றவர் வேறொரு பொருளிற் கேட்கும்போதே. கூர்ப்பின்போது எழுத்து மாறாது பேணப்பட்ட பகுதிகளை மட்டும் கணக்கிட்ட 2014 ஆம் ஆண்டு ஆய்வொன்று 8.2 வீதம் என்ற விடையைத் தந்தது. எண்பதுக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளி அளவுகோலின் இடைவெளியே. ஒரே சொல்லை இரு அளவுகோல்களுக்கும் வழங்கியமை, வாசகனுக்குச் செய்யப்பட்ட அநீதி எனினும் தவறாகாது.

யாவும் பயனுடையன என்பாரை நோக்கி எழுப்பப்படும் எளிய வினா வெங்காயத்தைப் பற்றியது. வெங்காயத்தின் ஜீனோம் மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரிது. ஒவ்வோரெழுத்தும் இன்றியமையாததாயின், மனிதனை ஆக்குவதற்கு வேண்டியதினும் ஐந்து மடங்கு அறிவுறுத்தல் வெங்காயத்தை ஆக்குவதற்கு ஏன் வேண்டும்? சமையலறையில் நாளும் அரியப்படும் இப்பொருள், ‘இயற்கை எதனையும் வீணே செய்வதில்லை’ என்ற பழைய நம்பிக்கைக்கு எதிர்ச்சாட்சி கூறுகின்றது.

இனி, மறுதலையாக, பயனில்லை எனக் கருதப்பட்ட பரப்பிலிருந்து எழுந்த சாட்சியும் கேட்கத்தக்கது. கைகால்களின் உருவமைப்பில் முதன்மை பெறும் சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்னும் பரம்பரையலகு மனிதனின் ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ளது. முளையத்தின் கைகால் அரும்புகளில் அதனைத் தொழிற்படச் செய்யும் தூண்டற் பகுதி, ஏறத்தாழப் பத்து இலட்சம் எழுத்துக்களுக்கு அப்பால், வேறொரு பரம்பரையலகின் நடுவே, புரதத்துக்குரிய செய்தி எதனையும் தாங்காத இடைவெளியில் அமைந்துள்ளது. இப்பகுதியில் ஓரெழுத்து மாறினும் பெருவிரற் பக்கத்தில் மேலதிக விரலுடன் குழந்தை பிறத்தல் கூடும் என்பது 2003 இல் வெளியிடப்பட்டது. சுண்டெலியில் இப்பகுதி முழுவதும் நீக்கப்பட்டபோது, பரம்பரையலகு பழுதின்றி இருந்தும் கால்களின் நுனிப்பகுதிகள் உருவாகவில்லை. சொல் இருந்தது, அதனை உரிய இடத்தில் உரிய காலத்தில் ஒலிக்கச் செய்வது இல்லை.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை விளங்குதற்கு அரிதன்று. பெயரும் வினையும் போலத் தனித்து நடக்கும் இயல்பின்றி, அவற்றைச் சார்ந்தே நிற்கும் சொற்களை இடைச்சொல் எனத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் வேற்றுமைப் பொருளை உணர்த்துவன உள. செய்யுளில் இசை நிறைத்தற்கு வருவன உள. அசைநிலையாய் நிற்பன உள. தனித்து நில்லாதன யாவும் பொருளற்றன என்று அவர் ஒதுக்கவில்லை. யாவும் பொருளுடையன என்று வலிந்துரைக்கவுமில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் ஆட்சியைக் கண்டு, அதற்குரிய இடத்தில் வைத்தார். வகுத்தல் என்னும் தொழிலின் அறம் இதுவே எனலாம்.

பரம்பரையலகுகளுக்கு வெளியேயுள்ள டீ.என்.ஏ. பகுதிகளைத் தொகுக்கும் இன்றைய தரவுத்தொகுதிகளும் இத்தொழிலையே மேற்கொண்டுள்ளன. அமெரிக்காவின் லோறன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்தோர் ஆக்கிய விஸ்ரா என்னும் தொகுதி அவற்றுள் ஒன்று. தூண்டற் பகுதியெனக் கருதப்படும் துண்டொன்றை, நீல நிறம் தோற்றுவிக்கும் ஒரு பரம்பரையலகோடு இணைத்துச் சுண்டெலி முளையத்துட் புகுத்துவர். பதினொன்றரை நாளில் முளையத்தின் எப்பாகம் நீலமாகின்றதோ, அப்பாகத்தில் அத்துண்டு தொழிற்படுகின்றது என்பது பெறப்படும். 2006 இல் இவ்வாய்வினர் மிக நெருங்கிப் பேணப்பட்ட 167 துண்டுகளைச் சோதித்து, 45 வீதமானவை தொழிற்பட்டன என அறிவித்தனர். இங்குக் கருத்திற் கொள்ளவேண்டியது வெற்றியின் அளவன்று. நீலம் தோன்றாத துண்டுகளும் அத்தொகுதியில், தோன்றவில்லை என்ற குறிப்போடு, இடம்பெற்றுள்ளன என்பதே. தோல்வியை எழுதி வைப்பது புகழ் தராத செயல். எனினும், அவ்வெழுத்து இல்லையாயின், பின்வருவோன் அதே கதவை மீண்டும் தட்டிக் காலத்தையும் உயிர்களையும் வீணாக்குவான்.

மேரிலாந்திலுள்ள அமெரிக்கத் தேசிய உயிர்த்தொழினுட்பத் தகவல் நிலையம் பேணிவரும் றெவ்சீக் தொழிற்பாட்டுக் கூறுகள் என்னும் தொகுதி இன்னொன்று. மனிதன், சுண்டெலி ஆகிய இரு முலையூட்டிகளின் பரம்பரையலகு சாராப் பகுதிகள் இதில் இடம்பெறுகின்றன. தூண்டுவன, அடக்குவன, எல்லையிடுவன, டீ.என்.ஏ. இரட்டித்தல் தொடங்கும் இடங்கள், நிறமூர்த்தங்கள் தம்முட் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இடங்கள் எனப் பலவகையின இவற்றுள் அடங்கும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பயின்ற தொகுப்பாளர், பரிசோதனையாற் காட்டப்பட்டவற்றைச் சான்றுடன் பதிவு செய்கின்றனர். கணனியின் ஊகம் மட்டும் போதாது. எத்தகைய பரிசோதனை, எத்தகைய முடிவு என்பது கூறப்படல் வேண்டும். என்கோட் திட்டத்தினரும் 2020 இல் தாம் வெளியிட்ட பட்டியலிலுள்ள 926,535 மனிதப் பகுதிகளைத் தொழிற்பாட்டுப் பகுதிகள் எனத் துணிந்துரையாது, அத்தகுதிக்கு உரியனவாகக் கருதத்தக்கவை என்றே பெயரிட்டனர். ‘ஆகும்’ என்பதற்கும் ‘ஆகலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேணுதல் ஓர் அறச்செயலே.

இதனை மறுப்போர் இரு திசைகளிலிருந்து வருவர். கடுஞ்சான்று வேண்டுதல் நோயாளிக்குத் தீங்கு என்பது முதல் மறுப்பு. பரவலான நோய்களுடன் தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்ட எழுத்து மாற்றங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது புரதத்துக்குரிய பகுதிகளுக்கு வெளியே உள்ளன. பிறவிக் குறையுடைய குழந்தையொன்றின் காரணத்தைத் தேடும் மருத்துவர் பலவேளைகளிற் புரதத்துக்குரிய சிறு பகுதியை மட்டுமே வாசிக்கின்றனர். பட்டியலில் இல்லாதது தேடப்படுவதில்லை, தேடப்படாதது காணப்படுவதில்லை, காணப்படாதது இல்லையென்று பெற்றோருக்குச் சொல்லப்படுகின்றது. இம்மறுப்பு வலிமை வாய்ந்தது. ஆயின், இதற்கு மாற்று மருந்தாகப் பட்டியலைத் தளர்த்துவோமாயின் வேறொரு தீங்கு நேரும். சான்றில்லாத பகுதியொன்றைக் காரணமெனக் காட்டினால், உண்மைக் காரணத்தைத் தேடும் முயற்சி அங்கேயே நின்றுவிடும்; அப்பிழையான காரணத்தை நம்பி அடுத்த கருவைப் பற்றிய முடிவையும் அப்பெற்றோர் எடுத்தல் கூடும். பொய்யான விடை, விடையின்மையிலும் கொடியது.

ஆகவே, தீர்வு பட்டியலின் வாயிலை அகலத் திறப்பதன்று, இறுக மூடுவதுமன்று. இல்லை, உண்டு என்ற இரண்டுக்கும் நடுவே ‘அறியப்படவில்லை’ என்ற மூன்றாம் நிலையை வெளிப்படையாக ஏற்றுக்கொள்வதே தீர்வு. 2015 இல் அமெரிக்க மருத்துவப் பரம்பரையியலார் வகுத்த ஐந்து படிகளுள் நடுப்படி, பொருள் உறுதிப்படாத மாற்றம் என்பதாகும். மருத்துவருக்கும் நோயாளிக்கும் அது மனநிறைவு தராத சொல். ஆனால், மனநிறைவு தருவது உண்மையின் கடமையன்று.

மூன்றாம் நிலையின் தேவையைச் சுண்டெலிகளே உணர்த்தின. மனிதன், எலி, சுண்டெலி ஆகிய மூன்றிலும் ஓரெழுத்தும் மாறாது, இருநூறு எழுத்துக்களுக்கு மேல் நீண்ட 481 துண்டுகள் 2004 இல் கண்டறியப்பட்டன. பல கோடி ஆண்டுகளாக மாறாதிருந்தவை இன்றியமையாதனவாகவே இருத்தல் வேண்டுமென யாவரும் எதிர்பார்த்தனர். 2007 இல் பேர்க்லி ஆய்வினர் அத்தகைய நான்கு துண்டுகளைத் தனித்தனியே நீக்கிச் சுண்டெலிகளை வளர்த்தனர். அவை உயிர்வாழ்ந்தன, இனம் பெருக்கின, குறிப்பிடத்தக்க குறை எதுவும் காணப்படவில்லை. ‘பயனற்றது’ என்ற தீர்ப்பை எழுதுதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ? எனினும் 2018 இல் அதே ஆய்வுகூடத்தார், மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகின் அண்மையிலுள்ள அத்தகைய துண்டுகளை நீக்கி, மேலும் நுணுகி நோக்கினர். சுண்டெலிகள் இம்முறையும் வாழ்ந்தன, இனம் பெருக்கின. ஆனால், அவற்றுட் பெரும்பாலானவற்றில் வளர்ச்சியிலோ மூளையிலோ கோளாறுகள் புலப்பட்டன. ஆய்வுகூடக் கூட்டினுள் உணவும் வெப்பமும் அளிக்கப்பெற்று வாழும் விலங்கில் வெளிப்படாத குறை, காட்டிலே பசியோடும் பகையோடும் வாழும் விலங்கின் தலைமுறைகளைத் தீர்மானித்திருத்தல் கூடும். ‘ஒன்றும் காணவில்லை’ என்று எழுதுபவர், ‘இவ்விடத்தில், இக்கருவியால், இவ்வளவு காலம் நோக்கியும்’ என்ற அடைமொழியையும் சேர்த்தெழுதக் கடமைப்பட்டவர் என்பது இதனாற் பெறப்படும்.

பட்டியலின் மௌனத்துக்கு இயற்கை மட்டுமன்றிச் சமுதாயமும் காரணமாகும் என்பதையும் மறத்தலாகாது. எவை ஆராயப்பட்டனவோ அவையே பட்டியலில் ஏறுகின்றன. எவை ஆராயப்படுகின்றன என்பதைப் பணமும் அதிகாரமும் பெரிதும் தீர்மானிக்கின்றன. நோய்க்கும் ஜீனோமுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த பெருந்தொகை ஆய்வுகளிற் பங்குபற்றியோருள் 78 வீதத்தினர் ஐரோப்பிய வழியினர் என்றும், ஆசியர் 10 வீதத்தினர் மட்டுமே என்றும் 2019 இல் வெளியான கணிப்பொன்று காட்டிற்று. கண்டறிவின் பலன் பகிரப்படும் முறையும் இத்தகையதே. பரம்பரையலகொன்றைச் செங்குருதிக் கலங்களில் மட்டும் தூண்டும் சிறு பகுதியொன்று 2013 இல் கண்டறியப்பட்டது. அப்பகுதியை வெட்டித் தலசீமியாவையும் அரிவாட்கல நோயையும் தணிக்கும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அங்கீகாரம் அளித்தது. ‘குப்பை’ எனப்பட்ட பரப்பின் ஒரு துளி மருந்தாயிற்று. ஆனால், அமெரிக்காவில் அதற்குக் குறிக்கப்பட்ட விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர். இலங்கையுட்படத் தலசீமியா நோயாளர் வாழும் ஆசிய நாடுகளின் வறிய குடும்பத்துக்கு இவ்வறிவு, அறியப்படாததற்கு ஒப்பானதே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ‘பயனற்றது’ என்ற தீர்ப்பு டீ.என்.ஏ.யோடு நின்றுவிடவில்லை. பரம்பரையியலின் பெயரால், 1933 இல் ஜேர்மனியில் இயற்றப்பட்ட சட்டம், பரம்பரைக் குறையுடையோர் எனக் குறிக்கப்பட்ட மக்களை வலிந்து மலடாக்க வகைசெய்தது. சில ஆண்டுகளில் அது ஊனமுற்றோரைக் கொல்லும் நிலைக்கு இட்டுச் சென்றது. இக்கொடுமையை மறுக்க விழையும் நல்லெண்ணத்தார் சிலர், ‘இயற்கையிற் பயனற்றது எதுவுமில்லை; ஆகவே பயனற்ற மனிதரும் இல்லை’ என வாதிடுவர். நோக்கம் உயரியது, வாதமோ பழுதுடையது. மனிதனின் மதிப்பை அவனது பயனின்மேல் நிறுத்துவோர், பகைவரின் அளவுகோலையே ஏற்றுக்கொண்டு, அளவையில் மட்டும் முரண்படுகின்றனர். நாளை ஒருவரின் பயனின்மை நிறுவப்படின், அவரைக் காக்க அவ்வாதத்தில் எதுவும் எஞ்சாது. டீ.என்.ஏ. துண்டுக்குத் தொழில் உண்டா என்பது பரிசோதனையாற் தீர்க்கப்படும் வினா. மனிதனுக்கு மதிப்பு உண்டா என்பது பரிசோதனைக்கு விடப்படும் வினாவன்று. முன்னதிற் சான்று வருமளவும் தீர்ப்பை ஒத்திவைத்தல் கடமை. பின்னதில் அத்தகைய தீர்ப்பை எவரும் வழங்காதிருத்தலே கடமை.

தொகுப்பாளர் ஒருவர் நாள்தோறும் கட்டுரைகளைப் பயின்று, சில வரிகளைச் சேர்த்து, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றை நீக்குகின்றார். அவர் பெயர் பெரும்பாலோர்க்குத் தெரிவதில்லை. ஆயினும், காட்டப்பட்டதற்கு மேற் கூறாமையும், காணப்படாததை இல்லையென்னாமையும் ஆகிய இரு நோன்புகளை அவரது தொழில் வேண்டி நிற்கின்றது. நூறு ஆண்டுகளின் பின் அப்பட்டியலை விரிப்போர், அதில் எழுதப்பட்டவற்றை நம்புவதற்கு ஒரே காரணம், எழுதாமல் விடப்பட்ட இடங்கள் நேர்மையாக வெறுமையாய் விடப்பட்டன என்பதாகவே இருக்கும்.